தீவுக் கணக்கில் இல்லாத கலம்



இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவாக நடக்கிறதோ அவர் கிராமக் கணக்கராக இருந்தவர். 1980இல் தமிழ்நாட்டில் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டபோது வேலையை இழந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தலைமுறையினர் ஒரு பதிவேட்டைப் பற்றிப் பேசும்போது, அதில் மேலிருந்து கீழாக ஓடும் ஒவ்வொரு பத்தியையும் ‘கலம்’ என்பார்கள். “மூணாங் கலத்துல பாரு, தரம் போட்டிருக்கும்” என்று என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கலம் நெல் அளக்கும் அளவும்தான். கணக்கையும் விளைச்சலையும் ஒரே சொல்லால் சொல்லிவிடும் வசதி நம் மொழிக்கு எப்படியோ வாய்த்திருக்கிறது.

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது நம் ஊர்க் கணக்கு அல்ல. ஸ்காட்லாந்தின் வடக்கு முனைக்கு அப்பால் கடலில் கிடக்கும் ஆர்க்னித் தீவுகளின் கணக்கு. குறிப்பாக, ரௌசி என்ற ஒரு தீவின் கணக்கு. பரப்பு ஏறத்தாழ 49 சதுர கிலோமீட்டர். மரம் அரிது, காற்று ஓயாது. நடுவில் புதர் மண்டிய குன்றுகள். கரையோரமாக ஒரு வளையம் போல விளைநிலம். ‘ஏன் ஐயா அவ்வளவு தூரம் போகிறீர்கள்?’ என்று அமைப்பாளர் தொலைபேசியில் கேட்டார். அந்தத் தீவின் வாடகைக் கணக்கு ஒரு நாள் பொதுச் சபையில் விரித்துப் பார்க்கப்பட்டபோது, தலைமை நாற்காலியில் இருந்தவர் சென்னை மாகாணத்தின் முன்னாள் ஆளுநர். இந்தப் பதில் அமைப்பாளருக்குப் போதுமானதாக இருந்தது.

முதலில் பழைய கணக்கு.

ஆர்க்னி 15ஆம் நூற்றாண்டு வரை ஸ்காட்லாந்தைச் சேர்ந்ததே அல்ல; நார்வே அரசுரிமைக்கு உட்பட்டது. டென்மார்க்-நார்வே மன்னர் முதலாம் கிறிஸ்டியன், தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தபோது பேசிய சீதனம் 60,000 புளோரின். கையில் காசு இல்லை. 1468இல் 50,000 புளோரினுக்கு ஈடாக ஆர்க்னியை அடகு வைத்தார். மறு வருஷம் 8,000 புளோரினுக்கு ஷெட்லாந்தையும் வைத்தார். அடகு மீட்கப்படவே இல்லை. சீதனப் பாக்கிக்காகக் கைமாறிய மக்கள் அவர்கள். பெண் வீட்டாரின் கடன் சுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

ஆட்சி மாறியது, வரிக் கணக்கு மாறவில்லை. நார்ஸ் காலத்து வரிக்கு ‘ஸ்காட்’ என்று பெயர். நிலத்தை ஏக்கரால் அளக்கவில்லை. அது எவ்வளவு வரி தாங்கும் என்பதால் அளந்தார்கள். ஒரு ‘அவுன்ஸ் நிலம்’ என்பது 18 ‘பென்னி நிலம்’. ஒரு பென்னி நிலம் நான்கு ‘ஃபார்த்திங் நிலம்’. நல்ல மண்ணில் பென்னி நிலம் சிறியதாக இருக்கும். மட்டமான மண்ணில் பரந்து கிடக்கும். பெயர் நிலத்துக்கு, அளவு வரிக்கு. பொதுக் கல்மதிலுக்கு வெளியே பின்னாளில் வேலி கட்டிச் சேர்த்த துண்டுகளுக்குக் ‘குவாய்’ என்று பெயர். அவற்றில் பல ஸ்காட் கட்டாதவை. நம் கல்வெட்டு மொழியில் சொன்னால் இறையிலி.

1492இலும் 1500இலும் ஹென்றி சின்கிளேர் பிரபுவுக்காக எழுதப்பட்ட வாடகைப் பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. ஊர் ஊராக அல்ல, பாரிஷ் பாரிஷாக எழுதப்பட்டவை. பாரிஷ் என்பது நம் கத்தோலிக்கர் ‘பங்கு’ என்று சொல்வது. ஒரு தேவாலயத்தைச் சுற்றியுள்ள வட்டாரம். யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் எழுதிய தோம்புகளும் கோவிற்பற்று வாரியாகப் போவது இதே வழக்கம்தான். கோயில் மணி கேட்கும் தூரமே கணக்கன் நடக்கும் தூரம்.

அந்தப் பேரேடுகளை முதலில் புரட்டுகிறவர்களுக்குக் கண்ணில் படுவது தொகை அல்ல; தரிசு. இந்த நிலம் தரிசாகக் கிடக்கிறது, இது பாதி தரிசு, இதன் வரி குறைக்கப்பட்டது என்று பாரிஷுக்குப் பாரிஷ் வருகிறது. வாங்கவேண்டிய வரி ஒரு பக்கம், வாங்க முடிந்தது ஒரு பக்கம். நேர்மையான கணக்கு என்றே சொல்வேன். வசூலாகாததை வசூலாகாது என்று எழுதுகிற துணிச்சல் எல்லாக் கணக்கனுக்கும் வராது.

வரி பணமாக வரவில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியாக, வெண்ணெயாக, எண்ணெயாக, இறைச்சியாக வந்தது. ஆகவே எடைக்கல் முக்கியமாயிற்று. 24 மார்க் சேர்ந்தால் ஒரு செட்டன். 6 செட்டன் ஒரு மெயில். 24 மெயில் ஒரு லாஸ்ட். நிறுத்த கருவிக்குப் பெயர் பண்ட்லர். ஒரு நீளமான மரத்தண்டு. ஒரு முனையில் கொக்கி. தண்டின் மேல் நகரும் ஒரு எடை. நம் ஊரில் அதற்கு வெள்ளிக்கோல் என்று பெயர். தராசுக்கு இரண்டு தட்டு உண்டு. வாங்குகிறவனும் கொடுக்கிறவனும் இரண்டு பக்கம் நின்று பார்க்கலாம். வெள்ளிக்கோலில் ஒரே ஒரு கைதான் வேலை செய்கிறது. அது யாருடைய கை என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் வரி வரலாற்றில் இவ்வளவு எளிமையான தந்திரம் குறைவு. பேரேட்டில் எழுதியிருப்பது இத்தனை மெயில் பார்லி. நூறு வருஷம் கழித்தும் அதே எண்தான் எழுதியிருக்கும். யாரும் வரியை உயர்த்தவில்லை. ஆனால் ஒரு மெயில் என்பது எவ்வளவு கனம் என்பது மெல்ல மெல்ல மாறிவிட்டது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்க்னியை ஆண்ட ராபர்ட் ஸ்டூவர்ட், அவர் மகன் பாட்ரிக் ஸ்டூவர்ட் ஆகிய இரு பிரபுக்கள் மேல் தீவு மக்கள் சொன்ன குறைகளில் இந்த எடைக் குற்றச்சாட்டு முக்கியமானது. பாட்ரிக் 1615இல் எடின்பரோவில் தலை வெட்டப்பட்டுச் செத்தார். அது எடைக்காக அல்ல, கலகத்துக்காக. எடைகள் இருந்தபடியே இருந்தன. 1611இலேயே நார்ஸ் சட்டங்கள் அரசாணையால் நீக்கப்பட்டுவிட்டன. நார்ஸ் வரி மட்டும் நீக்கப்படவில்லை. சட்டம் போனால் போகட்டும், வரி இருக்கட்டும் என்பது எல்லா அரசுகளுக்கும் பொதுவான ஞானம்.

1733இல் ஆர்க்னியின் நிலப்பிரபுக்கள் சிலர், தங்களிடம் வரி வாங்கிய மார்ட்டன் பிரபு மேல் வழக்குத் தொடுத்தார்கள். எடைகள் கள்ளத்தனமாகக் கூட்டப்பட்டுவிட்டன, நாங்கள் எழுதியதற்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது வழக்கு. ‘பண்ட்லர் வழக்கு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. 26 வருஷம் நடந்து 1759இல் முடிந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் தோற்றார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பைவிட, வழக்குத் தொடுத்தவர்கள் யார் என்பதுதான் சுவாரஸ்யம். அவர்கள் உழுகிறவர்கள் அல்லர். உழுகிறவர்களிடம் தாங்களும் அதே வகைக் கோலால் நிறுத்து வாங்கியவர்கள். மேலே இருப்பவன் நம்மிடம் கூடுதலாக நிறுக்கிறான் என்று நீதிமன்றம் போனவர்கள், கீழே இருப்பவனிடம் நாம் எப்படி நிறுக்கிறோம் என்று யோசித்ததாக அந்த வழக்குக் கட்டில் தெரியவில்லை.

கடற்பாசியை எரித்துச் சாம்பலாக்கி விற்ற காலம் ஒன்று இடையில் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கி 1830 வாக்கில் படுத்துவிட்டது. கண்ணாடி, சோப்புத் தொழிலுக்கான காரம் அந்தச் சாம்பலில் கிடைத்தது. பிரபுக்களுக்குப் பெரும் பணம். குத்தகைக்காரர்கள் வாடகையைக் கழிக்கக் கடற்கரையில் புகையில் நின்றார்கள். அந்த வியாபாரம் படுத்த பிறகு பிரபுக்களின் பார்வை நிலத்தின் மேல் திரும்பியது. அங்கேதான் நம் ரௌசிக் கதை தொடங்குகிறது.

ஜார்ஜ் வில்லியம் டிரெயில் என்ற பெயர் இமயமலை ஏறுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். குமாவோனில் நந்தாதேவிக்கு அருகே டிரெயில் கணவாய் என்று ஒன்று உண்டு. அவர் பெயரால் வந்தது. 1816 முதல் 1835 வரை குமாவோன் கமிஷனராக இருந்தவர். அந்த மலை மாவட்டத்தில் நிலவரி நிர்ணயம் செய்தவர், கிராம எல்லைகளைப் பதிவு செய்தவர். 1823இல் அவர் குறித்த எல்லைகளை, விக்கிரம ஆண்டு 1880 என்பதால், ‘எண்பதாம் ஆண்டு எல்லை’ என்ற பொருளில் அங்கே இன்றும் சொல்கிறார்கள். பிறகு காடு யாருடையது என்ற தகராறு எழும்போதெல்லாம் மலை மக்கள் அவர் எழுதிய எல்லையைத்தான் சான்றாகக் காட்டினார்கள்.

அதே டிரெயில், ஆர்க்னிப் பூர்வீகம் கொண்டவர், ஓய்வு பெற்று வந்து ரௌசியில் நிலம் வாங்கினார். 1845இல் தீவின் மேற்குப் பகுதியில் இருந்த குவாண்டேல் என்ற குடியிருப்பு முழுவதையும் காலி செய்தார். குடிகள் போனார்கள், ஆடுகள் வந்தன. குமாவோனில் கிராம எல்லையை எழுதிக் காத்த கை, ரௌசியில் ஒரு கிராமத்தையே கணக்கிலிருந்து எடுத்தது. இதை நான் முரண்பாடு என்று சொல்லமாட்டேன். குமாவோனில் அவர் அரசின் ஆள். ரௌசியில் அவர் சொந்தக்காரர். ஒரே மனிதர், இரண்டு பேரேடு.

வாடகைப் பேரேட்டில் இப்படிப்பட்ட சம்பவம் எப்படித் தெரியும் தெரியுமா? சத்தமே இல்லாமல் தெரியும். ஒரு வருஷம் வரிசையாகப் பல பெயர்கள். அடுத்து எடுக்கும் பேரேட்டில் அந்த இடத்தில் ஒரே பெயர், ஒரு பண்ணை. அடியில் கூட்டுத் தொகை வழக்கம்போல் கோடு போட்டுச் சரியாக இருக்கும். கணக்கன் ஒரு தவறும் செய்திருக்கமாட்டான். குவாண்டேலின் வீட்டுச் சுவர்கள், தானியம் உலர்த்தும் சூளைகள், பழைய உழவு மேடுகள் இன்னும் அந்தப் புல்வெளியில் கிடக்கின்றன. பேரேட்டைவிட அவை அதிகம் சொல்கின்றன.

1847இல் டிரெயில் இறந்தார். சொத்து உறவுப் பையன் ஒருவனுக்குப் போயிற்று. ஃபிரெடரிக் வில்லியம் டிரெயில்-பரோஸ். இந்தியாவில் பதேகரில் பிறந்தவர். 93ஆம் ஹைலாண்டர் படையில் சேர்ந்து, 1857இல் லக்னோவில் சிக்கந்தர் பாக் தாக்குதலில் முன்னணியில் நுழைந்தவர். ஆள் குள்ளம், பின்னாளில் ஜெனரல் ஆனபோது ‘குட்டி ஜெனரல்’ என்றே பெயர். 1870களில் படையை விட்டு மனைவியோடு தீவுக்கு வந்து குடியேறினார். டிரம்லாண்ட் ஹவுஸ் என்ற பெரிய மாளிகை கட்டினார். மனைவி பெயரில் ஒரு நீராவிக் கப்பல் விட்டார். படகுத்துறை கட்டினார். தீவுக்கு அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும், பணம் வாடகையிலிருந்து வரவேண்டும்.

இங்கே வாடகை எப்படி உயர்ந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு குடும்பம் குன்றுச் சரிவில் புதர் மண்டிய ஒரு துண்டைப் பெயரளவுக்கு வாடகைக்கு எடுக்கும். கல் பொறுக்கும். வடிகால் வெட்டும். கடற்பாசியைக் கூடையில் சுமந்து வந்து எருவாகப் போடும். தானே கல் அடுக்கி வீடு கட்டும். பத்துப் பதினைந்து வருஷத்தில் அது விளைநிலமாகும். எஸ்டேட் நிர்வாகி வந்து பார்ப்பார். விளைநிலம், நல்ல வீடு. இதற்கு இந்த வாடகை போதாது. உயர்த்து. குத்தகை வருஷத்துக்கு வருஷம், எழுத்து இல்லை. மறுத்தால் அடுத்த தவணையில் வெளியே. வெளியே போனால் வீடும் வடிகாலும் நிலத்தோடு சேர்ந்து பிரபுவுக்கே. தன் உழைப்புக்குத் தானே வட்டி கட்டுகிற ஏற்பாடு இது.

அரசாங்கப் பதிவுகளும் இந்த ஏற்பாட்டுக்கு இசைவாகத்தான் இருந்தன. 1854ஆம் ஆண்டு நில மதிப்பீட்டுச் சட்டத்தின்படி, 1855 முதல் ஸ்காட்லாந்து முழுவதும் ஆண்டுதோறும் மதிப்பீட்டுப் பட்டியல் எழுதப்பட்டது. அதன் கலங்களைப் பாருங்கள்: சொத்து என்ன, எங்கே, உரிமையாளர் யார், குத்தகைதாரர் யார், குடியிருப்பவர் யார், ஆண்டு வாடகை அல்லது மதிப்பு எவ்வளவு. அழகான பட்டியல். வம்சாவளி தேடுகிறவர்கள் இன்று அதைப் புதையல் போலக் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஆண்டு வாடகை 4 பவுண்டுக்குக் கீழ் இருந்தால் குத்தகைதாரரின் பெயரை எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. நிலம் இருக்கும், தொகை இருக்கும், மனிதர் இருக்கமாட்டார். அதைவிடப் பெரிய விடுபாடு ஒன்று உண்டு: இந்த மதிப்பை உண்டாக்கியவர் யார் என்று ஒரு கலம் அந்தப் பட்டியலில் இல்லை. 1492ஆம் ஆண்டுப் பேரேட்டிலும் இல்லை. நம் அ-பதிவேட்டில் மண் வயனம் உண்டு, தரம் உண்டு, தீர்வை உண்டு; அங்கும் அந்தக் கலம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ரயத்து தன் செலவில் வெட்டிய கிணற்றுக்காகத் தீர்வையைக் கூட்டக்கூடாது என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே சென்னை மாகாண வருவாய்த் துறையின் கொள்கையாக ஏற்கப்பட்டிருந்தது. நடைமுறை எப்படி இருந்தது என்று இந்த அவையில் பலருக்கு வீட்டுக் கதைகள் தெரிந்திருக்கும். கொள்கையாவது இருந்தது. ரௌசியில் அதுவும் இல்லை.

இப்போது நம் முன்னாள் ஆளுநர்.

ஃபிரான்சிஸ் நேப்பியர், பத்தாவது நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநர். கூவம் கடலில் சேரும் இடத்தில் 1869இல் கட்டப்பட்ட நேப்பியர் பாலம் அவர் பெயரில் நிற்கிறது. சிந்தாதிரிப்பேட்டையில் இன்றைய மே தினப் பூங்கா ஒரு காலத்தில் நேப்பியர் பூங்கா. மதுரை திருமலை நாயக்கர் மகாலின் சீரமைப்பு அவர் காலத்தில் தொடங்கியது. 1872இல் மேயோ பிரபு அந்தமானில் கொல்லப்பட்டபோது சில மாதம் பொறுப்பு வைஸ்ராயாகவும் இருந்தார்.

1882 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிரேஸ் என்ற இடத்தில், பென் லீ மலையின் மேய்ச்சல் உரிமைக்காக வாடகை கட்ட மறுத்த குடியானவர்களைக் கைது செய்யக் கிளாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது போலீஸ்காரர்கள் போனார்கள். பெண்கள் முன்னால் நின்று கல்லெறிந்தார்கள். விஷயம் செய்தித்தாள்களுக்குப் போயிற்று. அடுத்த வருஷம் அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை நியமித்தது. தலைவர் நேப்பியர். 1883 மே 8 அன்று முதல் அமர்வு அந்தப் பிரேஸிலேயே நடந்தது. முதல் சாட்சியாக வந்தவர் பேசுவதற்கு முன் ஒன்று கேட்டார்: நான் இங்கே சொல்வதற்காக என்னை நிலத்தை விட்டு வெளியேற்றமாட்டார்கள் என்று உறுதி தருவீர்களா? குழுவுக்கு அப்படி உறுதி தரும் அதிகாரம் இல்லை. எஸ்டேட் நிர்வாகியைக் கேட்டு வாங்கித்தர முடிந்தது.

குழு தீவு தீவாகப் போயிற்று. ஜூன் மாதம் லூயிஸ் தீவின் அருகே அவர்கள் பயணம் செய்த அரசுக் கப்பல் ‘லைவ்லி’ பாறையில் மோதி நாசமாயிற்று, ஆட்கள் தப்பினார்கள். நாற்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள், வரிசை எண் இட்டு, பதிலோடு அச்சாயின. அந்தச் சாட்சியத் தொகுதிகளைப் படிப்பதில் உள்ள சுகம் தனி. எத்தனை பசு, எத்தனை ஆடு, பாட்டனார் காலத்தில் வாடகை என்ன, அப்பா காலத்தில் என்ன, இப்போது என்ன? ஜமாபந்தியில் உட்கார்ந்து பழகியவர் கேட்கும் கேள்விகள் என்று எனக்குத் தோன்றும். இது என் அபிப்பிராயம்தான்.

ஜூலையில் குழு ஆர்க்னியின் தலைநகர் கிர்க்வாலுக்கு வந்தது. ரௌசியிலிருந்து குடியானவர்கள் வந்தார்கள். டிக்ரோ என்ற சிறு நிலத்தின் குத்தகைதாரர் ஜேம்ஸ் லெனார்ட் அவர்களுக்காகப் பேசினார். புதரைத் திருத்தியது யார், வாடகை எப்படி ஏறியது என்று சொன்னார். ஜெனரல் பரோஸும் அங்கே இருந்தார். இப்படிப் பேசியவர்களுக்குத் தொல்லை வராது என்று உறுதி தருவீர்களா என்று நேப்பியர் அவரைக் கேட்டார். அவர் தரவில்லை. என்னைப் பற்றி இப்படிப் பேசுகிறவனை நான் நல்லபடி நடத்துவேன் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு ஒத்துவராது என்ற ரீதியில் பதில் சொன்னார். சிக்கந்தர் பாக்கில் முன்னணியில் நுழைந்தவருக்கு, தன் குடிகள் தன்னைப் பற்றி வாய் திறந்ததைத் தாங்க முடியவில்லை. லெனார்டும், அவரோடு பேசிய ஜேம்ஸ் கிரீவ் என்பவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஜெனரலுக்கு மிரட்டல் கடிதம் ஒன்று வந்ததாகப் புகார் எழுந்து, ‘ஜாக்கல்’ என்ற பீரங்கிப் படகு ரௌசிக்கு அனுப்பப்பட்டது. சில நூறு பேர் வாழும் தீவுக்குப் போர்க்கப்பல்.

1884இல் நேப்பியரின் அறிக்கை வந்தது. அதை எழுதியவர் பெரும்பாலும் அவரே. அதன் மையம் தனிக் குடியானவன் அல்ல, கிராமம். பழைய கூட்டுக் குடியிருப்புக்குச் சட்ட அங்கீகாரம் கொடுங்கள், பொது மேய்ச்சலுக்கு அதை உரிமையாளராக்குங்கள் என்றார். ஆண்டு வாடகை 6 பவுண்டுக்கு மேல் கட்டுகிறவர்களுக்கு 30 வருஷக் குத்தகை. அதற்குக் கீழே உள்ளவர்கள்? அவர்கள் நிலத்தை நம்பி இருக்கமுடியாது. குடிபெயர உதவி செய்யலாம். 30 வருஷம் என்பது நம் செட்டில்மென்ட் காலமும்தான். அங்கிருந்துதான் எடுத்தார் என்று ஆதாரம் காட்ட நான் முயலமாட்டேன். ஆறு வருஷம் ரயத்துவாரிக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த எண் பழக்கமாகவாவது இருந்திருக்கும்.

அறிக்கையை யாரும் விரும்பவில்லை. குழு உறுப்பினர்களிலேயே சிலர் மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். கடுமையாகத் தாக்கியவர் ஆர்கைல் கோமகன். டைரீ என்ற தீவின் சொந்தக்காரர். 1868 முதல் 1874 வரை லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தவரும் இவரே. அதாவது நேப்பியர் சென்னையில் ஆளுநராக இருந்த காலத்தின் பெரும்பகுதியில் அவருக்கு மேலிடம். அன்று கோப்பில் நடந்திருக்கக்கூடிய உரையாடல் இப்போது பத்திரிகையில் நடந்தது. இரண்டு பேரும் நல்ல உரைநடைக்காரர்கள். சண்டை படிக்கச் சுவையானது. என் அனுதாபம் முழுவதும் நேப்பியர் பக்கம் என்று சொல்லமுடியவில்லை. அந்த 6 பவுண்டுக் கோட்டை என்னால் விழுங்கமுடியவில்லை. மதிப்பீட்டுப் பட்டியலில் 4 பவுண்டுக்குக் கீழே பெயர் இல்லை. சீர்திருத்த அறிக்கையில் 6 பவுண்டுக்குக் கீழே நிலம் இல்லை. அனுதாபத்துக்கும் ஒரு உச்சவரம்பு போலக் கீழ்வரம்பு.

அரசாங்கம் வேறு வழியில் போயிற்று. 1884இல் வாக்குரிமை விரிந்து, குடியானவர்களுக்கு ஓட்டு வந்திருந்தது. அயர்லாந்துக்கு 1881இல் நியாய வாடகைச் சட்டம் வந்திருந்தது. 1886 ஜூனில் ஸ்காட்லாந்துச் சிறு குத்தகையாளர் சட்டம் நிறைவேறியது. ஏழு மாவட்டங்களில், 30 பவுண்டுக்கு மேற்படாத வாடகை கட்டும் வருஷக் குத்தகையாளர்களுக்கு இது பொருந்தும். ஆர்க்னியும் அந்த ஏழில் ஒன்று. பாரிஷ் மறுபடியும் வருகிறது பாருங்கள்: ஒரு பாரிஷில், சட்டம் வந்த நாளுக்கு முந்தைய 80 வருஷத்துக்குள் எப்போதாவது பொது மேய்ச்சல் உரிமையோடு சேர்ந்த குத்தகை நிலம் இருந்திருந்தால்தான் அது இந்தச் சட்டத்துக்குள் வரும் பாரிஷ். ஆகவே பழைய வாடகைப் பேரேடு திடீரென்று குடியானவனின் சாட்சியாகிவிட்டது. பிரபு வீட்டு அலமாரியில் இருந்த காகிதம், பிரபுவுக்கு எதிராக.

சட்டத்தை நடைமுறைப்படுத்த டேவிட் பிராண்ட் தலைமையில் மூவர் ஆணையம். அவர்கள் நிலத்துக்கே போனார்கள்; மதிப்பீட்டாளர்கள் ஒவ்வொரு துண்டாக நடந்து பார்த்தார்கள். உழவு நிலம் எவ்வளவு, கரம்பு எவ்வளவு, பொது மேய்ச்சலில் எத்தனை தலைக் கால்நடைக்குப் பங்கு. பிறகு நியாய வாடகை எழுதினார்கள்; அது ஏழு வருஷத்துக்கு மாறாது. பழைய பாக்கியை முழுவதுமாகவோ பாதியாகவோ தள்ளும் அதிகாரமும் அவர்களுக்கு இருந்தது. எழுதும்போது அவர்கள் கணக்கில் எடுக்கவேண்டியவற்றைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு சொல்லியது: குத்தகையாளரோ, அதே குடும்பத்தில் அவருக்கு முன் இருந்தவரோ தம் உழைப்பாலும் செலவாலும் செய்த நிலையான திருத்தங்கள். அந்தக் கலம் கடைசியில் வந்துவிட்டது. வடிகால் யார் வெட்டியது, சுவர் யார் எழுப்பியது, புதர் யார் திருத்தியது என்று கேட்டு, அந்த அளவுக்கு வாடகையைக் கழிக்கவேண்டும்.

1888இல் ஆணையம் ரௌசிக்கு வந்தது. அதற்கு முன் ஜெனரல் தன் வழக்கறிஞர் மூலம் தன் பக்கத்தை எடுத்துச் சொன்னார்: ஆர்க்னி மலைநாடான ஹைலாண்ட்ஸ் அல்ல, இங்கே கேலிக் பேசுகிறவர் இல்லை, குலத் தலைவர் இல்லை, நிலம் எனக்கு நேர்வழியில் வந்த சொத்து. வாதத்தில் வரலாறு கொஞ்சம் சரிதான். ஆனால் ஆணையம் கேட்டது வரலாறு அல்ல, வடிகால். வாடகைகள் கணிசமாகக் குறைந்தன. பாக்கியில் ஒரு பகுதி தள்ளுபடியாயிற்று. ஆணையத்தின் ஆண்டறிக்கைகளின் பின்னிணைப்பில் அட்டவணைகள் இருக்கின்றன. மனுதாரர் பெயர், நிலத்தின் பெயர், பழைய வாடகை, நியாய வாடகை, பாக்கி, தள்ளிய பாக்கி. 2 பவுண்டு, 3 பவுண்டு வாடகைக்காரர்களும் பெயரோடு இருக்கிறார்கள். மதிப்பீட்டுப் பட்டியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நான் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பயிற்சி.

ஜெனரல் 1905இல் இறந்தார். டிரம்லாண்ட் மாளிகை இருக்கிறது.

லெனார்டை அந்த அட்டவணையில் தேடாதீர்கள். சட்டம் வந்த நாளில் நிலத்தில் இருந்தவர்களுக்குத்தான் சட்டம். அதற்கு முன் வெளியேற்றப்பட்டவர் மனுப் போடமுடியாது. அவர் இருக்கும் இடம் வேறு. விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதியில், கிர்க்வால் அமர்வில். ஒவ்வொரு சாட்சிக்கும் தலைப்பில் பெயர், தொழில், ஊர், வயது என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அந்த வரிக்குக் கீழே கேள்வி எண்கள் தொடங்குகின்றன.